கட்டுநாயக்காவில் செருப்பு அறும் இடம்

1

போன சனிக்கிழமை பாரிசில் ஃபொபூர் சேன்-தெனித் தெருவிலுள்ள மரக்கறிக் கடையில் ரஜனி என்னை மறித்துக்கொண்டாள். கடைக்காரரின் மனைவி, காசுப் பெட்டியடியில் நிற்பவள். நல்ல பிள்ளை, ஆனால் குரல் பெரிது. எனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்களே என்றும் பார்க்கவில்லை.

"அன்ரி, போன வருசம் நீங்கள் கட்டுநாயக்கா எயார்போட்டாலை போய் வந்தனீங்களாமே. உண்மையோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"அகதிக் கார்ட்டைப் பறிக்கேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. கையிலைதான் கிடக்கு."

"அங்கை இறங்கினனீங்களோ? ஆர் ஆரைக் கண்டனீங்கள்? என்ரை அம்மா கொழும்பிலை வந்து நிக்கிறா அன்ரி. ஒருக்கா முகத்தைப் பாத்தால் காணும் எனக்கு."

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் நின்ற ஒருவர், "நல்ல ரூட் எண்டால் எங்களுக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ அன்ரி" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கு முகம் சூடாகிப்போய், "கவனமாப் போங்கோ பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு, முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ ஓடிக்கொண்டிருந்தது. வீடு வந்து சேரும்வரை மனம் குறுகுறுத்தது. தாயைப் பார்க்கத் துடிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு பெரிய கிழவி சொன்ன புத்தி இதுதானா?

கடையில் நாலு பேருக்கு முன்னால் நிற்பதிலும் பார்க்க, கடுதாசிக்கு முன்னால் இருக்க எனக்குப் பயம் குறைவு. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கும், ரஜனிக்கும், அவளைப் போல இங்கே முழுசிக்கொண்டு நிற்கிற மற்றவர்களுக்குமாக, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

2

எனக்குக் கூடப்பிறந்தது ஒருத்திதான். திரேசம்மா. என்னிலும் நாலு வயது இளையவள். யாழ்ப்பாணத்தில் கடற்கரையோரம் பிறந்து வளர்ந்த எங்களில் அவள் மட்டும் நீர்கொழும்பில் வாழ்க்கைப்பட்டாள். மனிசன் கருவாட்டு வியாபாரி. முற்றம் முழுக்கப் பாய் விரித்து மீன் காயும். கட்டுநாயக்காவுக்கு வருகிற பிளேன் எல்லாம் அந்த முற்றத்துக்கு மேலால்தான் இறங்கும். ஓடு அதிரும். அலுமாரிக்குள் கோப்பைகள் தங்களுக்குள் கதைக்கும்.

முதல்தரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது சத்தத்துக்குப் பயந்து நான் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டேன். திரேசம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எழும்பக்கா. அது எங்கடை வீட்டுக்கு வாறதில்லை. பக்கத்து வீட்டுக்கும் இல்லை."

பிளேன் தாழப் பறந்தால் கருவாட்டுக்கு வந்த காகமெல்லாம் எழும்பி ஓடிவிடும். அதனால் அவள் பிளேனைச் 'சம்பளமில்லாத காவல்காரன்' என்பாள். காலையில் ஒன்று பிந்தினால், "இண்டைக்குக் காவல்காரனுக்கு லீவாக்கும்" என்று தானே தடியைத் தூக்கிக்கொண்டு காகம் கலைப்பாள். இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தோம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் நான் குசினிக்குள் போவேன். அவள் வாசல் படலைக்குப் போவாள்.

என் மனிசன் காலமானபின் எனக்கு மிஞ்சியது மகன் அன்ரன் ஒருவன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவனை ஊரில் வைத்திருக்கப் பயந்து அனுப்பினோம். அவன் பாரிசில் கால் ஊன்றியதும் அடுத்த வருசமே என்னைக் கூப்பிட்டான். பயணம் சரிவரும்வரை திரேசம்மா வீட்டில் தங்கினேன். இத்தனை நாள் மேலே பார்த்த காவல்காரனுக்குள் நானே ஏறப்போகிறேன் என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களுடைய ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. ஒருவர் பயணம் போவதென்றால் வழியனுப்ப ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் போக வேண்டும். போகிறவர் பேசாமல் இருப்பார். போகாதவர்கள் எல்லாரும் அழுவார்கள். அன்றைக்கும் சோற்றுப் பார்சல், சுடுதண்ணீர்ப் போத்தல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று வான் நிறைந்தது. கட்டுநாயக்காவில் கட்டிடத்தின் மேல்மாடியில் பார்வையாளர் நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. நான் உள்ளே போனதும் ரிக்கற் எடுத்துக்கொண்டு எல்லாரும் அங்கே ஏறிவிட்டார்கள். நானோ கூட்டத்தோடு கூட்டமாக நடந்து ஏறினேன். எனக்குக் கிடைத்த யன்னல் மற்றப் பக்கம். அங்கே புல்வெளியும் ஒரு தண்ணீர்ப் பவுசர் லொறியும்தான் தெரிந்தன.

பிறகு திரேசம்மா எழுதியிருந்தாள்: "எந்தப் பிளேனில் நீ ஏறினாய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் பின்னேரம்வரை போன எல்லாவற்றுக்கும் கை காட்டினோம். ஒன்று அரபு நாட்டுக்குப் போனதாம். அதில் இருந்தவர்களுக்கும் புண்ணியம் கிடைக்கட்டும்."

3

இங்கே நாங்கள் இருப்பது, பாரிசில் எங்கள் ஆட்கள் கூடுகிற லாச்சப்பலில் ஒரு பழைய கட்டிடத்தின் ஐந்தாம் மாடி. லிப்ட் இல்லை. யன்னலைத் திறந்தால் கார் து நோர் ஸ்ரேசனுக்குப் போகும் தண்டவாளங்கள். வெள்ளாப்பில் அன்ரன் வேலைக்குப் போய்விடுவான். உணவகமொன்றில் கோப்பை கழுவத் தொடங்கியவன், இப்போது மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறான். நான் மாதா கோவில் பூசைக்குப் போய், பாண் வாங்கி, மாடியேறி, மூச்சு வாங்கி, சமைத்து, அவனுக்காகக் காத்திருப்பேன். இவ்வளவுதான் என்னுடைய பாரிஸ். மற்றப் பாரிசை நான் கலண்டரில்தான் பார்த்திருக்கிறேன்.

பாணுக்கடையில் கதைக்க வெட்கப்பட்டு விரலால் காட்டுவேன். வந்த புதிதில் கடைக்காரப் பெண் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினேன். அவளும் எதையோ பெட்டியில் வைத்து, நாடா கட்டி, சிரித்த முகத்தோடு தந்தாள். வீட்டில் திறந்து பார்த்தால் பெரியதொரு பிறந்தநாள் கேக். அன்றைக்கு ஒருவருக்கும் பிறந்தநாள் இல்லை. அன்ரன் வந்து பார்த்துவிட்டு, மெழுகுதிரி கொளுத்தி, என்னை ஊதச் சொன்னான். அப்போது அவனுக்கு அந்த விளையாட்டெல்லாம் இருந்தது.

இப்போது வேலையால் களைத்து வருகிறான். நான் நீளமாகக் கேட்கிற கேள்விக்கு "வுய்", "நோன்" என்று பிரெஞ்சில் ஓம், இல்லை மட்டும்தான் பதிலாக வரும். ஒருநாள் ரேடியோவில் எங்கள் பக்கத்துச் செய்தி போனபோது சொன்னான்: "உங்கடை நாட்டிலை இண்டைக்கும் பிரச்சினையாம்."

உங்கடை நாடு. நான் கேட்காத மாதிரி மீன் அரிந்தேன்.

திரேசம்மாவின் காலை வெட்டி எடுத்துவிட்ட செய்தி வந்தது எண்பத்தேழு கடைசியில். நீண்ட நாளாகவே அவளுக்குச் சலரோகம், சீனி வருத்தம். கருவாட்டு முள் குத்திய புண் ஆறாமல் போய்விட்டது. அவளுடைய மகன் ரஞ்சித் தபால் கந்தோரிலிருந்து ரெலிபோன் எடுத்தான். அவனுக்குத் தமிழிலும் பார்க்கச் சிங்களம்தான் முந்திக்கொண்டு வரும்.

"பெரியம்மா, அம்மாட காலை முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு. பயப்புட வேணாம். ஆனா... நீங்க ஒருக்கா வந்து பாத்தா நல்லம்."

அந்த 'ஆனா'விலேயே எனக்கு விளங்கியது, அவளுக்கு இனிக் கனநாள் இல்லை என்று.

அன்று பின்னேரம் அன்ரனிடம் சொன்னேன், நான் போக வேண்டும் என்று. அவன் அலுமாரியிலிருந்து என் பயணப் புத்தகத்தை எடுத்து வந்தான். அகதிக் கார்ட் உள்ளவர்களுக்குப் பாஸ்போட்டுக்குப் பதிலாகக் கொடுப்பது. பிரிபெக்தூர் கந்தோரில் எத்தனை காலை குளிரில் நின்று, எத்தனை தரம் 'இந்தப் படம் சரியில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டு எடுத்த புத்தகம். நான் அதை வேதப் புத்தகத்தோடு சேர்த்துச் சீலையில் சுற்றி வைத்திருந்தேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"இதைக் கேளுங்கோ அம்மா. இந்தப் புத்தகத்தோடை எல்லா நாட்டுக்கும் போகலாம் எண்டு போட்டிருக்கு."

"எல்லா நாட்டுக்குமோ?"

"எல்லா நாட்டுக்கும். சிறிலங்காவைத் தவிர."

உலகத்தில் எத்தனை நாடு இருக்கிறது! அத்தனைக்கும் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் எனக்கு. அங்கெல்லாம் போய் நான் என்ன செய்ய? அங்கே எனக்கு ஒரு நாய் தெரியுமா, ஒரு கோழி தெரியுமா?

4

வேளாங்கண்ணிக்குப் போகிறதென்று திரேசம்மாவின் காலுக்காக நேர்ந்திருந்தேன். இந்தியாவுக்குப் போகத் தடையில்லை. சீலைக் கடையொன்றின் பின்னறையில் ரிக்கற் போட்டுக் கொடுக்கும் ஒருவரிடம் அன்ரன் விசாரித்தான். அவர்தான் சொன்னார்: மலிவாகப் போவதென்றால் கட்டுநாயக்காவில் இறங்கி, காத்திருந்து, மட்ராஸ் பிளேனுக்கு மாறி ஏற வேண்டும்.

அன்ரன் இதை வீட்டில் வந்து சொல்லியிருக்கவே கூடாது. சொன்ன பிறகு எனக்கு வேறு எந்த வழியும் காதில் ஏறவில்லை.

அதன்பிறகு லாச்சப்பல் முழுக்க எனக்குப் புத்தி சொன்னது. கோவிலில் பூசை முடிய ஒரு பெரியவர், "பயந்து ஓடி வந்த நாட்டு மண்ணிலை கால் பட்டால் அகதிக் கார்ட் போச்சு. ஒருத்தனுக்கு அப்பிடி நடந்தது" என்றார். யாருக்கு என்று கேட்டால் அவருக்குப் பெயர் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண், "அப்ப சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கோ அக்கா, கால் படாதுதானே" என்று சிரித்தாள். பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் இருக்கும் பாஸ்கரன் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். ரூவாஸி எயார்போட்டில் நிலம் துடைக்கிற வேலை. அதனால் உலகத்து எயார்போட் எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைப்பு அவனுக்கு.

"எயார்போட்டுக்குள்ளை நிண்டால் அது நாடில்லை அன்ரி. ஒருத்தரின்ரை நாடும் இல்லை. ஸ்டாம்ப் குத்தினால்தான் நாடு."

"அப்ப நான் எங்கை நிப்பன் தம்பி?"

"எங்கையும் இல்லை. சும்மா நிப்பியள்."

அன்ரன் ஒருநாள் லீவு எடுத்து, அகதிகளைப் பார்க்கிற கந்தோர் ஒன்றில் போய்க் கேட்டான். அங்கிருந்த பெண் தோளை உயர்த்தி, வாயால் 'ப்ப்ப்' என்று காற்றை விட்டாளாம். அதுதான் பதில்.

ரிக்கற்றுக்குச் சொல்லுகிற நாள் வந்தபோது மகன் எனக்கு முன்னால் வந்து குந்தினான். சின்ன வயதில் காசு கேட்க வந்தால் அப்படித்தான் குந்துவான்.

"அம்மா, ஒருவேளை கார்ட்டைப் பறிச்சால் நீங்கள் இஞ்சை வரேலாது. நான் அங்கை வரேலாது. பிறகு நாங்கள் ரெண்டு பேரும் எந்த எயார்போட்டிலை சந்திக்கிறது?"

முழுத் தமிழில் அவன் இவ்வளவு நீளமாகக் கதைத்துக் கனநாள். எனக்கு அழுகை வந்தது. ஒரு பக்கம் இவன், மறுபக்கம் கால் போனவள். யாரையாவது ஒருவரை விடு என்றால் நான் யாரை விடுவேன்?

"சித்தியை ஒருக்காக் காண வேணும் தம்பி. தூரத்திலையெண்டாலும் காணும்" என்றேன். வேறு நியாயம் என்னிடம் இருக்கவில்லை.

அவன் எழும்பினான். "சரி. ஆனால் ஒண்டு. ஆர் கேட்டாலும், எந்தப் பொலிஸ் கேட்டாலும், அங்கை போகேல்லை எண்டுதான் சொல்ல வேணும். மாறி ஏறினது மட்டும்தான். எங்கை, சொல்லுங்கோ பாப்பம்."

"நான் அங்கை போகேல்லை."

"சத்தமா."

"நான் அங்கை போகேல்லை."

தேத்தண்ணீர் போடும்போதும், சீலை மடிக்கும்போதும் அதைச் சொல்லிப் பழகினேன். ரஞ்சித்துக்கு ரெலிபோனில் நாளும் பிளேனும் சொல்லியாயிற்று. அம்மாவைத் தூக்கிக்கொண்டாவது எயார்போட் மேல்மாடிக்கு வருவேன் என்றான்.

5

பிளேன் தாழ இறங்கும்போது இந்த முறை எனக்கு யன்னல் சரியான பக்கத்தில் கிடைத்தது. கடல் வந்தது. பிறகு தென்னை. பிறகு கூரைகள். திரேசம்மா வீட்டு ஓட்டுக் கூரையைத் தேடினேன். மேலிருந்து பார்த்தால் எல்லா ஓடும் ஒரே நிறம். எல்லா முற்றத்திலும் என்னவோ காய்கிறது. அவள் இப்போது அங்கே இல்லை, மேல்மாடியில் நிற்பாள் என்று நினைத்ததும் தேடுவதை விட்டுவிட்டேன்.

கதவைத் திறந்தார்கள். ஈரச் சீலையை முகத்தில் போட்ட மாதிரி அந்தச் சூடு. படியில் இறங்கினேன். கடைசிப் படியில் கால் நின்றுவிட்டது. இனி நிலம். பின்னால் வந்தவர் முதுகில் முட்டி, "மெடம், ப்ளீஸ்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சுடுகிற சீமெந்து, அவ்வளவுதான். செருப்புக்குள்ளாலும் சுட்டது.

கட்டிடத்துக்கு நடந்துதான் போக வேண்டும். பயணப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டு, முன்னால் போகிறவரின் சப்பாத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். நிமிர்ந்தால் யாராவது காக்கிச் சட்டைக்காரர் 'நீ யார்' என்று கேட்டுவிடுவார் என்று பயம். மேலே இருந்து சனம் கத்துவது கேட்டது. "அம்மே!" "மாமா!" "மல்லி!" என்று எல்லாப் பாஷையும். "அக்கா" என்றும் கேட்டது. அந்த நாட்டில் யார்தான் யாருக்கு அக்கா இல்லை? நான் நிமிரவில்லை. கண்ணாடிக் கதவு திறந்து, குளிர் முகத்தில் அடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அவளுக்குக் கீழாலேயே தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்துவிட்டேன் என்று.

மாறி ஏறுகிறவர்களை இருத்துகிற மண்டபத்தில் ஒரு மூலையில் இருந்தேன். செபமாலையை எடுத்தேன், விரல் நகரவில்லை. இத்தனை பேரிடம் கேட்டு, மகனைக் கெஞ்ச வைத்து, கடல் கடந்து வந்து, கடைசியில் சப்பாத்தைப் பார்த்துவிட்டு வந்த பேதை நான்.

நிலம் துடைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி என் காலடியில் வந்ததும் நின்றாள். கழுத்தில் சிலுவை. முதலில் சிங்களத்தில் என்னவோ கேட்டாள். நான் முழிக்கவும் தமிழுக்கு மாறினாள். நீர்கொழும்புப் பக்கத்துத் தமிழ்.

"ஏன்க்கா அழுவுறீங்க? எங்க போறீங்க?"

"மட்ராஸ்."

"மேல ஆள் வந்திருக்காங்களோ?"

"தங்கச்சி. கால் ஏலாதவள். பிரான்சிலையிருந்து வாறன். நான் குனிஞ்சுகொண்டு வந்திட்டன் பிள்ளை. பாக்கேல்லை."

அவள் சிரித்தே விட்டாள். "அதுக்கா இந்த அழுகை? மட்ராஸ் பிளேனுக்கும் அதே வழியாத்தான் நடக்கணும். கேளுங்க. வெளிய போனதும் நெலத்துல மஞ்சக் கோடு ஒண்டு மடங்கும். மேல்மாடிக்கு நேர் கீழ. அந்த எடத்துல ஓங்கட செருப்பு அறுந்திரும்."

"என்ரை செருப்புப் புதுசு பிள்ளை. மகன் வாங்கித் தந்தது."

"புதுச் செருப்புத்தான் நல்லா அறும். சப்பாத்துப் போட்டவங்களுக்கு நூல் அவிழும். பொம்பளப் பிள்ளைகளுக்குப் பை கொட்டும். நான் வேலைக்கு வந்த நாளையிலேருந்து பாக்குறேன், அந்த எடத்துல அறாத செருப்பே இல்லக்கா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "பொலிஸ் நிக்குமே?"

"நிக்கும். அவங்களுக்கும் ஊட்டுல அக்கா தங்கச்சி இருக்குத்தானே. ஒரு செருப்பு மாட்ட எவ்வளவு நேரம் போவும்னு அவங்களுக்குத் தெரியும். அதுக்கு மேல நிண்டாத்தான் ஏசுவாங்க." துடைப்பத்தை வாளியில் தோய்த்துப் பிழிந்தாள். "நிமிந்து பாருங்கக்கா. குனிஞ்சு செருப்பப் பாத்துட்டுப் போயிராதீங்க."

6

மட்ராசுக்குக் கூப்பிட்டபோது பின்னேர வெயில். எனக்குப் பின்னால் இரண்டு பெரிய பைகளோடு ஒரு முஸ்லிம் வியாபாரி வந்தார். கொழும்பில் துணிக் கடை வைத்திருப்பவர் என்று வரிசையில் நிற்கும்போதே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். நல்ல உருவம், நல்ல தொண்டை.

மஞ்சள் கோடு மடங்கும் இடம் வந்தது. அந்தப் பெண் சொன்னது பொய்யில்லை. எனக்கு முன்னால் ஒரு இளம் பெண் சப்பாத்து நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பிக்கு செருப்பைக் கழற்றி, உள்ளே இல்லாத கல்லை மிகவும் கவனமாகத் தட்டிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் சற்றுத் தள்ளி நின்று வானத்தைப் பார்த்தார்.

நானும் குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினேன். பிறகு நிமிர்ந்தேன்.

மேலே கம்பி நீளத்துக்கு முகங்கள். வெயில் கண்ணைக் குத்தியது. ஒவ்வொன்றாகத் தேடினேன். கடைசியில், நடுவில், ரஞ்சித் ஒரு கைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி யாரையோ தூக்கிக் கம்பிக்கு மேலால் காட்டிக்கொண்டிருந்தான். நரைத்த தலை. கொடியில் கிடக்கிற சட்டை மாதிரி ஒட்டிப்போன உடம்பு. அவளா? என்னிலும் இளையவளா?

"அக்காஆஆ!"

குரல் அவளுடையதுதான். அந்தக் குரலில் மட்டும் ஒரு இறாத்தல்கூடக் குறையவில்லை.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கையைத்தான் ஆட்டினேன்.

"கதையன் அக்கா! ஊமையே நீ?"

மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் ஒரு பிளேன் இரையத் தொடங்கியது. வியாபாரி பைகளை நிலத்தில் வைத்தார். "என்ன கேக்கணும்? சொல்லுங்கம்மா, நான் சத்தம் போடுறேன்."

எத்தனை கிழமையாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன், அவளிடம் சொல்ல வேண்டியதை. ஒன்றையும் காணவில்லை.

"சாப்பிட்டவளோ எண்டு கேளுங்கோ."

"சாப்புட்டீங்களாண்டு கேக்குறாங்க!" என்று அவர் முழங்கினார். பிளேன் இரைச்சலில் அதுவும் பாதியில் விழுந்தது. கம்பியோரம் நின்ற ஒருவர் அதைப் பிடித்து அடுத்தவருக்குச் சொன்னார். அவர் ஒரு சிங்களப் பெண்ணுக்குச் சொல்ல, அவள் ரஞ்சித்துக்குச் சொன்னாள். கேள்வி கைமாறிக் கைமாறி அவளிடம் போய்ச் சேர்ந்தது. பதிலும் அதே வழியால் வந்தது, கம்பியோரத்து ஆளின் வாயால்.

"பாண் திண்டவவாம்! நீங்க சாப்பிட்டீங்களாண்டு கேக்குறா!"

"ஓம் எண்டு சொல்லுங்கோ. கால் நோகுதோ எண்டு கேளுங்கோ."

அது போனது. பிறகு அவளே கத்தினாள். எங்கள் எல்லாருக்கும் நேராகக் கேட்டது.

"வெட்டின கால் எப்பிடியக்கா நோகும்? மிஞ்சின கால்தான் நோகுது! ரெண்டுபேற்றை வேலையையும் அதுவெல்லோ தனியச் செய்யுது!"

மேல்மாடி முழுக்கச் சிரிப்பு. தமிழ் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்ல, அவர்களும் பிந்திச் சிரித்தார்கள். கீழே பிக்குவும் சிரித்தார். நான் சிரிப்பும் அழுகையுமாக நின்றேன். காக்கிச் சட்டைக்காரர் எனக்குக் கிட்ட வந்தார். "ஹரி, ஹரி, அம்மே. செருப்பு ஹரிதானே?" என்று மெதுவாகச் சொன்னார். சிங்களத்தில் ஹரி என்றால் சரி; என் நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இளம் பெண் நூலைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பிக்குவும் நடக்கத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் திரேசம்மா கேட்டாள். இரைச்சலுக்குள் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மேலே ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்கு அது இறங்கி வந்தது. வியாபாரி காதைக் கொடுத்துக் கேட்டார். கேட்டதும் அவருடைய பெரிய தொண்டை சின்னதாகிவிட்டது. என் பக்கம் குனிந்து சொன்னார்.

"நீங்க எப்ப வருவீங்கண்டு கேக்குறாங்கம்மா. என்ன சொல்லட்டும்?"

காக்கிச் சட்டைக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். பயணப் புத்தகம் என் பைக்குள் கிடக்கிறது. மகன் பழக்கிய வசனம், தேத்தண்ணீர் போடும்போதெல்லாம் சொன்ன வசனம், நாக்கு நுனியில் தயாராக நின்றது. மேலே அவள், மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, கீழே எட்டி, நான் சொல்லப்போகிற நாளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு கால் செருப்போடு, ஒரு கால் வெறும் நிலத்தில். கையில் மற்றச் செருப்பு. அதைத் தூக்கிக் காட்டியபடி நான் கத்தினேன். அந்தச் சத்தம் எங்கே கிடந்ததோ தெரியாது.

"திரேசம்மா! நான் வந்துதானேயடி நிக்கிறன்!"

அதை ஒருவரும் மேலே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.